டயட்டில் இறங்கிய எடை ஏன் திரும்ப ஏறுகிறது? 'பசி ஹார்மோன்' டெஸ்ட் எடுக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: வயது 36, எடை 88 கிலோ இருந்தது, ஒரு வருடம் வாயைக் கட்டி 76க்குக் கொண்டுவந்தீர்கள், அடுத்த ஒன்றரை வருடத்தில் மறுபடியும் 86. தைராய்டு நார்மல். வீட்டில் "உனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்கிறார்கள், உங்களுக்கோ முன்பு இல்லாத அளவுக்குப் பசிக்கிறது. ஒரு லேபில் லெப்டின், கிரெலின், இன்சுலின், கார்ட்டிசால் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள், எடுக்கலாமா, அதில் கெட்டுப்போயிருப்பதைச் சரிசெய்தால் எடை குறையுமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பசி நிஜமா, என் பலவீனமா என்பது ஒன்று. நிஜம் என்றால் அதற்குக் காரணமான ஹார்மோன் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதுக்குப் பதில், நிஜம்தான், அளந்து பார்த்து நிரூபித்திருக்கிறார்கள். இரண்டாவதுக்குப் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: உங்களைப் போன்ற பெரும்பாலானவர்களுக்கு ஹார்மோன் எதுவும் கெட்டுப்போகவில்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் பசிக்கிறது. அந்த பேக்கேஜ் தேவையில்லை.

நான் ஹார்மோன் நோய்களுக்கான மருத்துவர், பல வருடங்களாக சர்க்கரை நோயும் உடல் பருமனும்தான் என் அன்றாட வேலை. உங்களைப் பரிசோதிக்காமல் உங்களுக்கு இதுதான் என்று சொல்ல முடியாது, அதனால் இங்கே பொதுவாக எது உறுதி, எது இன்னும் சர்ச்சையில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறேன்.

லெப்டினில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் 'ஹார்மோனைச் சரிசெய்தால் எடை இறங்கும்' என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது, ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கும் இடம். அங்கே 1949இல் ஒரு எலி வகையில் சில குட்டிகள் மட்டும் அடங்காமல் தின்று உருண்டு பெருத்தன. பின்னாளில் அதேபோல் பெருத்த இன்னொரு வகையும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்பவர் இந்த எலிகளின் ரத்த ஓட்டத்தை அறுவை சிகிச்சை மூலம் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார். இரண்டாவது வகை எலியோடு இணைத்த சாதாரண எலி சாப்பிடுவதையே நிறுத்திப் பட்டினியில் செத்தது. முதல் வகை எலியை இரண்டாவது வகையோடு இணைத்தபோது முதல் வகைக்கும் அதே கதி. அப்படியானால் ரத்தத்தில் 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ஓடுகிறது, முதல் வகை எலியால் அதைச் சுரக்க முடியவில்லை, இரண்டாவது வகையால் அதைக் கேட்க முடியவில்லை என்று அவர் முடிவு கட்டினார். அந்தப் பொருளின் மரபணுவை 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. அதுதான் லெப்டின். அது கொழுப்பு செல்களிலேயே சுரக்கிறது. கொழுப்பு கூடினால் கூடும், குறைந்தால் குறையும். அதுவரை வெறும் மூட்டையாகக் கருதப்பட்ட கொழுப்பு, மூளையோடு பேசும் ஒரு சுரப்பி என்பது அன்றுதான் உறுதியானது.

1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சதாஃப் ஃபரூக்கியும் ஸ்டீஃபன் ஓராஹிலியும் இருந்த குழு, பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. எட்டு வயதுப் பெண் குழந்தை 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. இருவருக்கும் பிறவியிலேயே லெப்டின் சுரக்கவில்லை. லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும் அந்த வெறித்தனமான பசி அடங்கியது, எடை இறங்கியது. இந்தக் குழந்தைகளை யாராவது அதற்கு முன் 'கட்டுப்பாடு இல்லாதவர்கள்' என்று திட்டியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். மனிதனின் பசியை ஒரே ஒரு ஹார்மோன் ஆட்டிவைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஆனால் இந்தக் குறைபாடு மிக மிக அபூர்வம். மற்றவர்களுக்கு என்ன ஆனது? லெப்டின் உரிமையை அம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது, உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அளந்து பார்த்தால், பருமனாக இருப்பவர்களின் ரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, மெலிந்தவர்களைவிடச் சராசரியாக நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. அவர்களுக்கு இன்னும் லெப்டின் ஏற்றியபோது சிலருக்கு ஓரளவு இறங்கியது, பலருக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் 'லெப்டின் எதிர்ப்பு' என்கிறார்கள், ஆனால் அது உடலுக்குள் சரியாக எந்த இடத்தில் எப்படி நடக்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு அதிகம் நியாயமாகப் படுகிற விளக்கம் இது: லெப்டின் முக்கியமாக, கொழுப்பு ஏறும்போது தடுப்பதற்காக இருக்கும் ஹார்மோன் அல்ல, கொழுப்பு இறங்கும்போது மூளைக்கு அபாயம் சொல்வதற்காக இருப்பது. மனித இனம் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி பஞ்சத்துக்குப் பயந்து வாழ்ந்த காலம்தானே. அதனால் லெப்டின் விழுந்தால் மூளை கூப்பாடு போடுகிறது, ஏறினால் ஓரளவுக்கு மேல் கண்டுகொள்வதில்லை.

லெப்டின் நீண்டநாள் கணக்கு என்றால், வேளைக்கு வேளை கணக்கு வயிற்றிலும் குடலிலும் நடக்கிறது. கிரெலின் இரைப்பையில் சுரக்கிறது, 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும், ஏறும்போது பசிக்கும். மறுபக்கம், உணவு குடலில் இறங்கியதும் சிசிகே, பிஒய்ஒய், ஜிஎல்பி-1 என்று பல ஹார்மோன்கள் வெளிவந்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, போதும் என்ற உணர்வைத் தருகின்றன. இவையெல்லாம் போய்ச் சேரும் முக்கியமான இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலமஸ். அங்கே பசியைத் தூண்டும் ஒரு நரம்புக் கூட்டமும் அடக்கும் ஒரு கூட்டமும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. அடக்கும் பக்கத்தின் செய்தியை வாங்குவது எம்சி4ஆர் என்ற ஏற்பி. அந்த மரபணுவில் பழுது இருப்பவர்கள் சின்ன வயதிலிருந்தே கடும் பசியோடு பருமனாக வளர்கிறார்கள். ஒற்றை மரபணுவால் வரும் கடுமையான உடல் பருமனில் அதிகம் காணப்படுவது இந்த வகைதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2011இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வந்த ஆய்வை உங்களைப் போன்றவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். எடை அதிகமுள்ள 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள், சராசரியாக 13.5 கிலோ இறங்கியது. அப்போது லெப்டின் விழுந்தது, பிஒய்ஒய், சிசிகே போன்ற 'போதும்' ஹார்மோன்கள் குறைந்தன, கிரெலின் ஏறியது, பசியும் ஏறியது. இதுவரை யாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும், இதற்குள் கொஞ்சம் எடை திரும்ப ஏறியிருந்தும்கூட, அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் தணியவில்லை. 76 கிலோவில் நீங்கள் உணர்ந்த பசி, 88 கிலோவில் உணர்ந்ததைவிட அதிகம் என்று சொல்கிறீர்களே, அது கற்பனை இல்லை. பலர் எடை குறைந்து ஆறு மாதத்தில் பசி பழகிவிடும் என்று நம்பி இருக்கிறார்கள், பழகாதபோது தங்களையே நொந்துகொள்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

அப்புறம் செலவுப் பக்கமும் இருக்கிறது. சம்பளம் குறைந்த குடும்பம் எல்லாச் செலவையும் சுருக்குவது போல, எடை இறங்கிய உடலும் சுருக்குகிறது; உடல் சிறிதானதால் குறைய வேண்டிய அளவைவிடக் கூடுதலாகவே சுருக்குகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் இதை ஒரு நல்ல வழியில் கணக்கிட்டார். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, அவர்கள் அறியாமலேயே தினம் கொஞ்சம் கலோரி வீணாகி எடை சில கிலோ இறங்குகிறது. அவர்களை வைத்துப் பார்த்தபோது, இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிப்பது நாளைக்கு 20 முதல் 30 கலோரி குறைந்தது, ஆனால் சாப்பிடத் தூண்டும் பசி நாளைக்குச் சுமார் 100 கலோரி கூடியது. இரண்டில் எது பெரிது பாருங்கள். 'மெட்டபாலிசம் ஸ்லோ ஆகிவிட்டது' என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மைதான், ஆனால் எடையைத் திரும்ப ஏற்றுவதில் பெரிய பங்கு பசிக்குத்தான். இந்தக் கணக்கை அப்படியே உங்கள் 12 கிலோவுக்குப் பெருக்கிவிட முடியாது, ஆய்வில் இறங்கிய எடை அதைவிடக் குறைவு. திசையில் மட்டும் சந்தேகம் இல்லை.

அதே ஹால், எடை குறைக்கும் போட்டி நடத்திய ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆனாலும் ஓய்வில் அவர்கள் உடல் செலவழித்தது, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவு. அவர்கள் செய்தது மிகக் கடுமையான முறை என்பதால் எல்லோருக்கும் இந்த அளவுக்கு ஆகும் என்று பயப்பட வேண்டாம்.

இப்போது சர்ச்சைக்குரியவை. இன்சுலின்தான் உடல் பருமனின் வேர், மாவுச்சத்து இன்சுலினை ஏற்றி கொழுப்பைப் பூட்டிவைக்கிறது, அதனால்தான் பசிக்கிறது என்று ஒரு வாதம் இருக்கிறது; இணையத்தில் கேட்பதெல்லாம் இதுதான். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு எடை கூடுவது உண்மை. ஆனால் கலோரியைச் சமமாக வைத்து மாவுச்சத்தையோ கொழுப்பையோ குறைத்து ஒப்பிட்ட கட்டுப்பாடான ஆய்வுகளில் அந்த வாதம் எதிர்பார்க்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. சாதத்தைக் குறைத்தால் பலருக்கு எடை இறங்குகிறது, சர்க்கரையும் கட்டுப்படுகிறது, நானும் குறைக்கச் சொல்கிறேன், ஆனால் இன்சுலின்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதை ஏற்க என்னிடம் போதிய ஆதாரம் இல்லை. தூக்கமும் அப்படியே. 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது லெப்டின் 18 சதவீதம் குறைந்து கிரெலின் 28 சதவீதம் ஏறியது என்று கண்டார்கள், பிறகு வந்த ஆய்வுகளில் ஹார்மோன் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. தூக்கம் குறைந்தால் மனிதர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தைராய்டு உண்மையிலேயே குறைந்திருந்தால்கூட அதனால் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ, அதிலும் நிறைய உப்பும் நீரும்தான். உங்களுக்கு நார்மல் என்பதால் அதை விட்டுவிடலாம், எடைக்காகத் தைராய்டு மாத்திரை போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், இதயத்துக்கும் எலும்புக்கும் கெடுதல்.

அந்த பேக்கேஜுக்கு வருகிறேன். லெப்டின் அளந்தால் கூடுதலாகத்தான் வரும், உடலில் கொழுப்பு இருப்பதை எடை மெஷினே சொல்லிவிட்டது. கிரெலின் மணிக்கு மணி மாறும், ரத்தம் எடுத்த பிறகு சரியாகப் பதப்படுத்தாவிட்டால் சிதைந்துவிடும். இதில் இன்னொன்று, பருமனானவர்களுக்குக் கிரெலின் பொதுவாகக் குறைவாகவே இருக்கும், அதைப் பார்த்து யாரும் எந்த சிகிச்சையையும் மாற்றப்போவதில்லை. காலை கார்ட்டிசால் ஒன்றை மட்டும் வைத்து, அந்த ஹார்மோன் உடலில் அளவுக்கு மீறி இருக்கும் குஷிங் நோயை உறுதிசெய்யவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அகலமான ஊதா நிறத் தழும்புகள், லேசாக இடித்தாலும் கன்றிப்போவது, தரையிலிருந்து எழுந்திருக்கத் தொடையில் பலம் இல்லாமல் போவது இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லி முறையான சோதனை கேளுங்கள். அந்தக் காசில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பார்ப்பதும், ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு அளப்பதும் பல மடங்கு பயன். நம் உடல்வாகுக்குப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும். மாதவிடாய் தள்ளித்தள்ளிப் போனால் பிசிஓடி பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: ஸ்டீராய்டு, ஓலன்ஸபின், வால்புரோயேட், மிர்டஸபின், சில சர்க்கரை மாத்திரைகள் எடையை ஏற்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள். ஐந்து வயதுக்கு முன்பே கடும் பசியோடு பருமனாக இருந்தவர்களுக்குத்தான் மரபணுச் சோதனை அர்த்தமுள்ளது.

ஒன்று கேட்கத் தோன்றும்: ஹார்மோன் யாருக்கும் கெடவில்லை என்றால் நம் பாட்டி காலத்தில் ஏன் இவ்வளவு பருமன் இல்லை? நம் ஜீன்கள் இரண்டு தலைமுறையில் மாறவில்லை, உணவு மாறியது. ஹால் 2019இல் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்து, இஷ்டம்போலச் சாப்பிடச் சொன்னார். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு, ஆனாலும் பாக்கெட் உணவில் நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இந்தச் சூழலில் எல்லோரும் ஒரே அளவு ஏறுவதில்லை, இரட்டையர் ஆய்வுகளின்படி எடை வித்தியாசத்தில் 40 முதல் 70 சதவீதம் பரம்பரை, அந்த ஜீன்களில் பலவும் மூளையில் பசியின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. உங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு இட்லியில் எழுந்துவிடுகிறார் என்றால் அவருக்கு மன உறுதி அதிகம் என்று அர்த்தமில்லை, அவருக்குப் போதும் என்ற செய்தி முன்னதாக வந்துவிடுகிறது.

சிகிச்சை என்று பார்த்தால், ஹார்மோன் அறிவு கடைசியில் பலன் தந்தது லெப்டினில் அல்ல, ஜிஎல்பி-1இல். நம் உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் இருக்கும் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில், அதைப் போன்ற, ஆனால் சீக்கிரம் அழியாத ஒரு பொருளை 1992இல் ஜான் எங் என்பவர் கண்டெடுத்தார், அதிலிருந்து வந்த முதல் மருந்து 2005இல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. இன்றைய செமாக்ளூடைட் வாரம் ஒரு ஊசி. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இதே வழியில் வேலை செய்யும் இன்னொரு ஊசியான டிர்செபடைட் அதிக அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம் வரை. பசி தானாக அடங்குகிறது, உணவைப் பற்றிய ஓயாத நினைப்பு நின்றுவிட்டது என்று நோயாளிகள் சொல்லும்போது, அவர்கள் இத்தனை வருடம் எதோடு போராடிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கே புரிகிறது. ஆனால் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது மாதிரிதான் இதுவும், மருந்து நிற்கும்போது பழைய பசி திரும்புகிறது. குமட்டல், மலச்சிக்கல் சகஜம், பித்தக்கல் வரலாம், அபூர்வமாகக் கணைய அழற்சி. தசையும் சேர்ந்து குறையும். குழந்தைக்குத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாக்ளூடைடை நிறுத்த வேண்டும். இருபது வருடம் தொடர்ந்து போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மருந்துகளில் இன்னும் யாரிடமும் விடை இல்லை. மருந்துக் கடையில் நேராக வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல இது.

மருந்து இல்லாமல் என்ன செய்யலாம் என்றால், முதலில் இன்னொரு கடும் டயட் வேண்டாம். 86இலிருந்து மறுபடி 12 கிலோவுக்குக் குறிவைக்காமல் நான்கைந்து கிலோ குறைத்து அங்கேயே ஒரு வருடம் நிற்கப் பாருங்கள், அந்த அளவுக்கே சர்க்கரை, அழுத்தம், கல்லீரல் கொழுப்பு இறங்கும். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் என்று புரதம் தட்டில் கணிசமாக இருக்கட்டும், அது நெடுநேரம் பசி தாங்கும். வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி, தசைக்காக. உடற்பயிற்சி எடையை இறக்குவதைவிட இறங்கிய எடையைப் பிடித்துவைப்பதில் அதிகம் உதவுகிறது. எடை இறங்காவிட்டாலும் பலன் உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் மாற்றியவர்களுக்கு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலேயே.

உங்கள் உயரம், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, எந்த வயதில் எடை ஏற ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஊசி பற்றி யோசிக்க வேண்டுமா, அதுவரை போக வேண்டியதே இல்லையா என்பதை இந்த ஐந்தும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். இவற்றை ஒரு தாளில் எழுதி, எடை ஏறி இறங்கிய கணக்கோடு உங்கள் ஊரில் இருக்கும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.